எண்ணெய்க் கையோடு போட்ட ஓட்டு

சிவகாசியில் தேர்தல் வரப்போகிறது என்பது அச்சாபீஸ்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். மற்ற ஊர்களில் தலைவர்கள் கூடிப் பேசி, கூட்டணி வைத்து, கை குலுக்கி, அதற்கப்புறம் ஜனங்களுக்குச் செய்தி போகும். எங்கள் ஊரில் தலைவர்கள் சேர்ந்து நின்று சிரிக்கிற போஸ்டர் முதலில் மெஷினில் ஏறும். நிஜத்தில் அவர்கள் சிரிப்பது அதற்கு ரெண்டு நாள் கழித்துத்தான். "ஏலே, வலது பக்கத் தலையைக் கொஞ்சம் பெருசாக்கணுமாம், போன் வந்துருக்கு" என்று மேனேஜர் சத்தம் போட்டால், கூட்டணியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பேப்பர் படிக்காமலே புரிந்துகொள்வோம்.

நான் பைண்டிங் பிரிவில் இருந்தேன். காலண்டருக்கு மேலே தகரப் பட்டை அடிப்பது, டைரிக்கு அட்டை ஒட்டுவது, இதுதான் வேலை. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ஆப்செட் மெஷின் ஓட்டினார். காலண்டர் சீசன் பொங்கலோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் கோடை முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும் தீப்பெட்டி லேபிளும்தான். அந்த நேரத்தில் ஒரு தேர்தல் வந்தால் எங்களுக்கு அது ரெண்டாவது சீசன். காலையில் ஒரு கட்சியின் போஸ்டர் ஓடும். மத்தியானம் மெஷினைத் துடைத்துவிட்டு எதிர்க்கட்சியின் போஸ்டர் ஓடும். "நாட்டைக் காக்க வாரீர்" என்று ரெண்டு பேரும்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிட வரும்போது கையில் எந்த மை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அன்றைக்கு யாருடைய லோடு என்று சொல்லிவிடுவேன்.

மிஞ்சிப்போன போஸ்டர்கள் எங்கே போகும் என்று வெளியூர்க்காரர்கள் யோசிப்பதில்லை. பழைய பேப்பராக எடை போட்டு, வெடிக்குக் குழாய் சுருட்டுகிற வீடுகளுக்குப் போகும். ஜெயித்தவரின் மூக்கும் தோற்றவரின் காதும் ஒரே குழாயில் சுருண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வெடிப்பார்கள். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "வாயை மூடு, ஆர்டர் குடுத்தவுக காதுல விளுந்துறப் போவுது" என்பார்.

எங்கள் ஊருக்கு அப்போது ரெண்டு தொகுதிகள் இருந்தன. சட்டமன்றத்துக்கும் சிவகாசி, பாராளுமன்றத்துக்கும் சிவகாசி. டெல்லியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி ஒருவரைக் கூப்பிடுவார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம். இரண்டாயிரத்து எட்டில் தொகுதிகளைப் பிரித்துச் சேர்த்தபோது பாராளுமன்றத் தொகுதிக்கு விருதுநகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் அங்கே இருக்கிறதாம். இருக்கட்டும். நாடு முழுக்கச் சுவரில் தொங்குகிற காலண்டரின் அடியில் சிவகாசி என்றுதானே போட்டிருக்கிறது? இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் மதினியின் ஓட்டைப் பற்றி.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷனை இழந்தவள். எங்கள் வீட்டை ஒட்டின வீட்டில் தனியாக இருந்தாள். பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து திணிக்கிற வேலை. விடிந்தும் விடியாமலும் ஆலை வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். எங்கள் தெருவின் பாதிப் பெண்கள் தூக்குச்சட்டியோடு அதில் ஏறிப் போவார்கள். பொழுது சாயும்போது அதே வேனில் முகமெல்லாம் வெள்ளிப் பொடி மின்ன வந்து இறங்குவார்கள். மதினிக்கு யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. கடன் கேட்கமாட்டாள், கறிவேப்பிலைகூடக் கேட்கமாட்டாள். கேட்காமலே தன் பேரில் இருந்த ஒரே பொருள் என்று அவள் நினைத்தது அந்த ஓட்டைத்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. சீட்டில் முத்திரை குத்தி மடித்துப் போடுகிற வேலை போய், பட்டன் அமுக்குகிற எந்திரம் வந்திருந்தது. எந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று மதினிக்கு ஒரே ஆசை. அன்றைக்கு ஆலைக்கு லீவு. துணி துவைத்து, தலைக்குக் குளித்து, குழம்பு வைத்து, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் போய் நின்றாள். உள்ளே இருந்த அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு போட்டாச்சேம்மா" என்றார்.

மதினி தன் விரலைக் காட்டினாள். அதில் மை இல்லை. "நான் இப்பத்தான சார் வாரேன்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அப்படி வேறு யாராவது போட்டிருந்தால் என்ன செய்யலாம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எங்களுக்கும் தெரியாது.

வெளியே வந்தபோது மைக்செட்காரர் எதிர்ப்பட்டார். எங்கள் தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் குழாய்தான் கட்டுவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒரு வேட்பாளருக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்துவிடுவார். இந்த முறை ஒருவர், அடுத்த முறை இன்னொருவர். உட்காருவதுதான் அவருக்கு முக்கியம். அவர் மதினியிடம் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"யார் போட்டா என்ன மதினி? உங்க ஓட்டு விளுந்துருச்சுல்ல. வெயில்ல நிக்கிற வேலை மிச்சம். போய்ச் சாப்பிடுங்க."

முதல் தடவை மதினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்திரத்தைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் அன்றைய குறை.

அடுத்து வந்த பாராளுமன்றத் தேர்தலிலும் அதே கதைதான். இந்த முறை சமையலைப் பாதியில் விட்டுவிட்டு முற்பகலிலேயே போனாள். அப்படியும் விழுந்திருந்தது. யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பகுதியில் ஆலைக்குப் போகிற பெண்களின் ஓட்டு என்றால் அப்படித்தான். அவர்கள் நிதானமாக வருவார்கள் என்று ஊருக்கே தெரியும். மைக்செட்காரர் மறுபடியும் ஓடிவந்து, "விளுந்துருச்சு மதினி, விளுந்துருச்சு" என்றார், ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் மாதிரி.

அன்றைக்கு மதினி சாப்பிடவில்லை. நான் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்திருந்தாள், கட்டிய நல்ல சேலையை இன்னும் மாற்றாமல்.

"ஏட்டி, செத்தவுக ஓட்டைத்தான் ஆள் வச்சுப் போடுவாகன்னு சொல்லுவாக" என்றாள். "அப்ப நான் செத்தவளா? என் புருசன் செத்தாரு, சரி. நான் இங்கனதான இருக்கேன்?"

அவளைச் சமாதானப்படுத்துவதற்காக, "ஒரு ஓட்டுதானே மதினி, அதுல என்ன இருக்கு" என்று சொல்லிவைத்தேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

மூன்றாவது முறை இரண்டாயிரத்து ஆறில் வந்தது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து மதினி ஆளே மாறிவிட்டாள். யார் நிற்கிறார், எந்தக் கட்சி என்பதெல்லாம் அவளுக்கு ரெண்டாம் பட்சம். பூத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வேனில் போகும்போதும் வரும்போதும் இதே பேச்சு. "லீவுன்னு படுத்துக் கிடக்காதீக. வேன் வார நேரத்துக்கே எல்லாரும் கிளம்பிரணும். சமையல் பெறகு பாத்துக்கலாம். புருசமாரு ஒரு நேரம் கடையில தின்னா கெட்டுப் போயிர மாட்டாக." வேனில் வருகிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மதினியைப் போல ஓட்டைப் பறிகொடுத்தவர்கள் அந்த வேனில் இன்னும் சிலர் இருந்தார்கள்.

"ஓட்டுக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டீகளா மதினி?" என்று நான் கேலி பண்ணினேன்.

"ஆத்தாளை எதுக்கு இதுல இழுக்க? நானே பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்து கையில் பட்டால் தோல் வறண்டு வெடிக்கும். வெள்ளிப் பொடி ரேகைக்குள் இறங்கிவிட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. அதனால் வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் எழுந்ததும் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். மற்ற ஊரில் தலைக்கு எண்ணெய் வைத்தால் எங்கள் தெருவில் கைக்கு எண்ணெய். லீவு நாளானாலும் சரி, கை தானாக எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும். நாம் காலையில் பல் விளக்குவதை யோசித்தா செய்கிறோம்? அதைப் போலத்தான். முந்தின தேர்தல்களில் அவர்கள் துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, கை காய்ந்த பிறகு போனார்கள். இந்தத் தடவை எழுந்த சூட்டோடு போனார்கள். இதில் இருந்த வில்லங்கம் மதினிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் பூத் தெருமுனையில் இருந்த நகராட்சிப் பள்ளி. வாக்குப்பதிவு தொடங்க இன்னும் நேரம் இருக்கும்போதே பெண்கள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "இங்க என்ன இலவசமா சேலை குடுக்காங்களா?" என்று கேட்டார். முதல் ஆளாக மதினி. அவளுக்குப் பின்னால் மைக்செட்காரரின் மனைவி. அவளும் அதே வேனில் வேலைக்குப் போகிறவள்தான். மூன்றாவதாக நான். கதவு திறந்ததும் எங்கள் மூன்று பேரை மட்டும் உள்ளே விட்டார்கள்.

வகுப்பறைதான் பூத். கரும்பலகையில் யாரோ எழுதியிருந்த பெருக்கல் வாய்ப்பாடு பாதி அழிந்திருந்தது. ஒரு பக்கம் பெஞ்சில் ஏஜெண்டுகள். நடுவில் மைக்செட்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். முதல் மேசையில் இருந்தவர் மதினியின் பெயரைச் சத்தமாக வாசித்து, அடையாள அட்டையில் இருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பட்டியலில் பெயருக்குக் கீழே கோடு போட்டார். ஏஜெண்டுகளும் தங்கள் பட்டியலில் அடித்துக்கொண்டார்கள். மதினி என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். தன் ஓட்டை இன்னும் யாரும் போட்டுவிடவில்லை என்று அர்த்தம்.

ரெண்டாவது மேசையில் மை வைப்பதற்கு ஓர் இளம்பெண் இருந்தாள். மதினியின் இடது கையைப் பிடித்து, குச்சியை மையில் தோய்த்து விரலில் இழுத்தாள். மை ஒட்டவில்லை. திரண்டு உருண்டு நகத்தின் ஓரமாக வழிந்து மேசையில் சொட்டியது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் வழிந்தது.

"என்னம்மா, விரல்ல எண்ணெய் தடவியிருக்கீங்களா?" என்றாள் அவள்.

அவ்வளவுதான், மைக்செட்காரர் எழுந்துவிட்டார். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. "சார்! அப்ஜெக்சன் சார்! விரல்ல எண்ணெய் தேய்ச்சுட்டு வந்துருக்காக. மையை அளிச்சுட்டு மறுபடி வந்து ஓட்டுப் போடுத வேலை சார் இது. கள்ள ஓட்டு!"

மதினிக்கு முதலில் அவர் யாரைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. தன்னைத்தான் என்று புரிந்தபோது அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். ரெண்டு தடவை ஓட்டைப் பறிகொடுத்தவளைப் பார்த்துக் கள்ள ஓட்டு என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மைப் பாட்டிலை எடுத்து அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியிருப்பேன். வாசலில் போலீஸ்காரர் நின்றதால் பேசாமல் இருந்தேன்.

தலைமை அலுவலர் எழுந்து வந்தார். மாவட்டத்தின் அந்தக் கோடியில் ஏதோ கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராம். முந்தின நாளே வந்து அந்த வகுப்பறையிலேயே படுத்து, கொசுக்கடியில் தூங்காமல் கண் சிவந்திருந்தது. அந்த வருஷம் மேலிடத்துக் கெடுபிடியும் அதிகம். "எண்ணெய் இருந்தா மை வைக்கக் கூடாதும்மா. வெளிய குழாய் இருக்கு. நல்லாக் கழுவிட்டு வந்து வரிசையில நில்லுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மதினி மேசையின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போகமாட்டேன் சார்."

"கழுவிட்டு வரத்தானேம்மா சொல்றேன்?"

"என் பேர்ல கோடு போட்டாச்சு சார். இவுகளும் அடிச்சுக்கிட்டாக. நான் வெளிய போயிட்டு வந்தா உன் ஓட்டு போட்டாச்சுன்னு சொல்லுவீக. ரெண்டு தடவை சொல்லியிருக்கீக. நான் இங்கனயேதான் நிப்பேன்."

அவர் பட்டியலைப் பார்த்தார். கோடு போட்டுத்தான் இருந்தது. மதினி கேட்டது நியாயமான கேள்வி என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அதிகாரி இல்லையா, "போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றார்.

"கூப்பிடுங்க" என்றாள் மதினி. மேசையைப் பிடித்த பிடியை விடவில்லை. வெளியே வரிசையில் என்ன தாமதம் என்று முணுமுணுப்பு கிளம்பியது. மைக்செட்காரர், "பாருங்க சார், எம்புட்டு துணிச்சல்!" என்று இன்னொரு தடவை ஒலிபரப்பினார்.

அப்போது அவருடைய மனைவி முன்னால் வந்தாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் பேசுவதற்கு அவர் இடம் விட்டால்தானே? அவள் தன் ரெண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தாள். முழங்கை வரை எண்ணெய் மினுமினுவென்று இருந்தது.

"சார், என் கையையும் பாருங்க. நானும் எண்ணெய்தான் தேய்ச்சிருக்கேன். பட்டாசுக்குப் போறவுக எல்லாரும் தேய்ப்போம். நானும் கள்ள ஓட்டா? அவர்ட்ட கேளுங்க."

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து சத்தம் வராததை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

தலைமை அலுவலர் என் கையையும் பார்த்தார். என் விரலில் கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒட்டின பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. "இது வேறயா?" என்று கேட்டுவிட்டு நேராக வாசலுக்குப் போனார். "ஏம்மா, கையில எண்ணெய் தேய்ச்சிருக்கறவங்க எல்லாம் கையைக் காட்டுங்க" என்றார்.

வரிசை முழுக்கக் கைகள் எழுந்தன. வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும், அதைத் தாண்டியும். காலை வெயில் நேராக அந்தக் கைகளில் விழுந்தது. வெடிப்பு விழுந்த கை, விரல் மடங்காத கை, ஒரு காலத்தில் தீக்காயம் பட்டு வழவழப்பாகிப்போன கை, எல்லாம் மின்னின. வேனில் ஏறி இறங்குகிறவர்களாகத்தான் அதுவரை எனக்கு அவர்களைத் தெரியும். அன்றைக்கு அவர்களில் ஒருத்தியாக இல்லாமல் பசைக் கையோடு நின்றதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அந்த மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "என்னம்மா ஊர் இது! எல்லாரையும் கழுவ அனுப்பினா குழாயில தண்ணி பத்தாதே" என்றார். உள்ளே வந்து கரும்பலகைக்குக் கீழே இருந்த டப்பாவைத் துழாவி ஒரு சாக்பீஸை எடுத்தார். வாத்தியார் இல்லையா, கை தானாக அங்கேதான் போகும். மதினியின் விரலில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தார். மாவு எண்ணெயைக் குடித்தது. தன் கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி தேய்த்து மறுபடி துடைத்தார். "இப்ப வைங்க" என்றார் அந்த இளம்பெண்ணிடம். மை கோடாக இறங்கி அப்படியே நின்றது.

மைக்செட்காரரைப் பார்த்து, "உங்க அப்ஜெக்சன் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார், உக்காந்துக்கிடுதேன்" என்றார் அவர். அவர் மனைவி அவர் பக்கமே திரும்பவில்லை.

மதினி கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. சீட்டை வாங்கி மூன்றாவது மேசையில் கொடுத்துவிட்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள்.

போனவள் போனவள்தான். சத்தமே இல்லை. நாங்கள் எல்லோரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மேசைக்காரர், "பட்டனை அமுக்குங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். "பயமில்ல சார், படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அந்த நீளமான "பீ" சத்தம் கேட்டது. சத்தம் முழுசாக ஓய்கிற வரை உள்ளேயே நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அன்றைக்கு அந்த பூத்தில் சாக்பீஸ் டப்பா காலியானது. மதியத்துக்கு மேல் மேசை, நாற்காலி, எந்திரத்தின் மூடி எல்லாம் வெள்ளை மாவு. தலைமை அலுவலருடைய கைக்குட்டை கரித்துணியாகிவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாக் கட்சி ஏஜெண்டும் பார்க்கும்படி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அதற்கும் விதி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துவிட்டு ஒரு டம்ளர் குடித்தார்.

யாருக்குப் போட்டாள் என்று மதினி சொல்லவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் எவ்வளவோ வளைத்து வளைத்துக் கேட்டுப் பார்த்தோம். "உனக்கெதுக்கு?" என்பாள். ஆனால் விரலில் அந்த மை இருந்த நாட்களில் அவள் இடது கையை வீசி வீசி நடந்ததைத் தெருவே பார்த்தது. ஆலையில் வேலை செய்யும்போது அந்த விரலுக்கு மட்டும் துணி சுற்றிக்கொண்டாளாம், அழிந்துவிடக் கூடாது என்று.

ஓட்டு எண்ணுகிற நாள் வந்தது. அன்றைக்கு நடந்த கூத்தை எங்கள் தொகுதியின் சரித்திரத்தில் சேர்க்கலாம். சென்னையில் ஒரு அணி ஆட்சியைப் பிடித்தது. எங்கள் சிவகாசியில் அதற்கு எதிர் அணி ஜெயித்தது. ஆட்சி கிடைத்ததற்காக ஒரு கூட்டம் வெடி போட்டது. தொகுதி கிடைத்ததற்காக இன்னொரு கூட்டம் வெடி போட்டது. வெடிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஒரே தெருவில் ரெண்டு வெற்றி ஊர்வலம். ரெண்டுக்கும் மைக்செட் நம்மவர்தான். ஒரு குழாயை இந்தப் பக்கமும் ஒரு குழாயை அந்தப் பக்கமும் திருப்பிவைத்து ரெண்டு பாட்டையும் போட்டார். ஊரில் எல்லோருமே ஏதோ ஒன்றை ஜெயித்திருந்தார்கள்.

மதினி வீட்டிலிருந்து நெய் வாசம் வந்தது. போய்ப் பார்த்தால் அடுப்பில் கேசரி. பெரிய சட்டியில் முந்திரிப் பருப்பெல்லாம் வறுத்துப் போட்டிருந்தாள்.

"உங்க ஆளு ஜெயிச்சுட்டாரா மதினி?" என்று கேட்டேன். இத்தனை நாள் மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

"இல்ல."

"அப்ப மெட்ராஸ்ல ஜெயிச்சவுகளா?"

"அதுவும் இல்ல. நான் போட்டது ரெண்டு பக்கமும் சேராத ஆளு. டெபாசிட்டே போயிருச்சாம், டிவியில சொன்னாக" என்று சொல்லிவிட்டுக் கேசரியைக் கிளறினாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்கிறவளைப் போல அத்தனை உற்சாகம்.

வீடு வீடாகக் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியாக ஒரு தட்டும் கேசரிச் சட்டியுமாக வாசலுக்கு வந்தாள். மைக்செட்காரர் எங்கள் வீட்டு முன்னால் இருந்த மின்கம்பத்தில் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு அப்புறம் மதினியின் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. அவள் தட்டை நீட்டியதும் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"கேசரியா? நம்ம அணியா மதினி நீங்க?" என்றார், பழைய உற்சாகம் திரும்பி.

"நான் தோத்துட்டேன் தம்பி."

"தோத்ததுக்கு யாராச்சும் கேசரி கிண்டுவாகளா?"

"முன்ன ரெண்டு தடவை என் ஓட்டு விளுந்துச்சுன்னு நீங்கதான் வந்து சொன்னீக. அது ஜெயிச்சுச்சா தோத்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றாள் மதினி. கோபமாகச் சொல்லவில்லை. "இந்தத் தடவை தோத்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும், தோத்துச்சு."

மைக்செட்காரர் தலை குனிந்தவாறு தட்டை வழித்துத் தின்றார். மதினி அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.